ஒத்தக் கை நாட்குறிப்பு

ஜூலை 6
மாவுக்கட்டு போட்டு அஞ்சு நாளாச்சு. விரல் நுனி மட்டும் வெளிய தெரியுது, ஆத்தா தினமும் காலைல அதைத் தொட்டுப் பாத்துட்டு "சூடு இருக்குது சாமி"ன்னு அவங்களே சமாதானம் ஆயிக்கிறாங்க. இடது கைல தட்டுறேன், எழுத்துப்பிழை இருந்தா விட்டுருங்க.

ஜூலை 8
மாப்ளைக்கு ரிங் போகுது. யாரும் எடுக்கல.

ஜூலை 9
மோஸ்ட் வாண்டட் கார் ரேஸ் கேமைத் தூசி தட்டி எடுத்தேன், 2005ல வந்த பழசு. நரேன் கார்த்திகேயன் எஃப்1க்குள்ள நுழைஞ்ச அதே வருசம் வந்த கேம்டா, நம்மூர் வருசம்டான்னு மாப்ள எத்தன தடவ சொல்லியிருப்பான். லேப்டாப்ல போட்டா காரெல்லாம் அமுக்குன இட்லியாட்ட பப்பரப்பான்னு தெரியுது, அந்தக்காலத்து மானிட்டர் அளவுக்குத்தான் செட்டிங்கே இருக்குது. கம்பெனி குடுத்த 1.3 பேட்ச், அதாவது திருத்தம், போட்டும் தீரல, அப்புறமேட்டு ரசிகருங்க செஞ்ச வைடுஸ்கிரீன் ஃபிக்ஸைக் கொண்டுபோய் கேம் ஃபோல்டர்ல போட்டதும் சரியாயிருச்சு. கம்பெனி பேட்ச் 1.3ஓட நின்னுது, அதனால எந்தக் கார் எவ்வளவு ஓடும்ங்குறது அன்னிலிருந்து ஒரே மாதிரிதான். மொபைல் கேம்ல நேத்து காசு சேத்து வாங்குன கார் இன்னைக்கி அப்டேட்ல மட்டமாயிருது, அதுக்கு இது எவ்வளவோ தேவல. எங்க விட்டமோ அங்கயே நிக்குது. பிளாக்லிஸ்ட்ல, அதான் ஒவ்வொருத்தரா ஜெயிக்க வேண்டிய ரேஸருங்க பட்டியல்ல, 5ஆவது ஆளு, வெப்ஸ்டர், ஓட்டுறது கார்வெட்.

சேவ்ல இருக்குறது மாப்ள பேரு.

ஜூலை 10
கீபோர்டுல ஒத்தக் கை போதும்னு நெனச்சேன். அம்புக்குறிய அமுக்குனா முழுசாத் திரும்புது, விட்டா நேரா நிக்குது, பாதித் திருப்பம்னு ஒண்ணு கெடையாது, தட்டித் தட்டித்தான் ஓட்டோணும். மூணு ரேஸும் போச்சு. ராத்திரி கன்ட்ரோலரைச் செருகினேன். ஸ்டிக்கு இடது கட்டைவிரலுக்கு, சரி. ஆக்சிலேட்டர் வலது டிரிக்கர்ல இருக்குது, அந்தக் கைதான் மாவுல கெடக்குதே. இடது டிரிக்கருக்கு மாத்துனேன், பிரேக்க அதுக்கு மேல இருக்குற பட்டனுக்குக் குடுத்தேன். பழைய கேம்ங்கறதால ரெண்டு டிரிக்கரையும் ஒரே அச்சாத்தான் பாக்குது, ரெண்டையும் சேத்து அமுக்குனா ஒண்ணுக்கொண்ணு கழிஞ்சிரும், அது எனக்கு இப்பத் தொந்தரவில்ல. முடுக்குறதும் புடிக்கிறதும் ஒரே விரலாப் போச்சு, அதான் தொந்தரவு. இதை விட்டாத்தான் அதுக்குப் போக முடியும்.

ஜூலை 11
பைக்லயும் ரெண்டும் வலது கைதான். முறுக்க விட்டனா, விட்டுட்டுப் புடிச்சனா.

ஜூலை 14
ஒறம்பரை வந்து வந்து போறாங்க, எல்லார் கைலயும் ஆரஞ்சு. அத்தை சொல்லுது, வாய்க்காப் பாலத்துத் திருப்புல இப்ப பேட்ச் ஒர்க் போட்டு ஜல்லிய வழிச்சுட்டாங்களாம். இப்ப.

மாமா வீட்டுல இருந்து யாரும் வரல.

ஜூலை 17
ஆடி பொறந்துருச்சு, கணவாய்க் காத்து தகரத்தப் புடிச்சு ஆட்டுது, தறிச் சத்தமே அமுங்கிப் போச்சு. மூணு தடவ கரண்ட் போய் வந்துச்சு.

கேம்ல மாப்ள வெச்சிருந்தது சூப்ரா கார். 13ஆவது ஆள ஜெயிச்சதும் ஆறு மார்க்கர்ல, பரிசுச் சீட்டு மாதிரி, ரெண்டு எடுக்கலாம், கண்ண மூடிட்டு எடுத்தான், பிங்க் ஸ்லிப் வந்துச்சு, தோத்தவன் காரே நமக்குன்னு அர்த்தம், அவன் போட்ட சத்தத்துல பொடக்காலில இருந்து ஆத்தா ஓடியாந்துட்டாங்க. நேர் ரோட்டுல அந்த வண்டிய எனக்கும் புடிக்கும். வளைவுல பின்னால வாலாட்டும், சட்டுனு எதிர்ப்பக்கம் ஒடிச்சுக்கிட்டே பிரேக்கையும் தொடோணும், அதுக்கு இந்தக் கை பத்தாது. வித்துரலாம்னு போனேன், மனசு வரல. இருந்த காசுல லோட்டஸ் எலீஸ் வாங்குனேன், நெசத்துலயே ஒரு டன்னுக்கும் கம்மி எடை. டாப் ஸ்பீடு அடிவாங்கும், போலீஸ் வண்டி ஒரசுனா சருகாட்டப் பறக்கும், ஆனா பாதி வளைவுக்கு பிரேக்கே வேண்டாம், விரல எடுத்தாலே ஒழுங்கா உள்ள வந்துருது. மீதிக்கு ஸ்பீடுபிரேக்கர். நம்மூர் மேடு இல்லீங், இது ஒரு பட்டன், அமுக்குனா எல்லாமே மெதுவாயிரும், எதிர்ல வர்றது ஏதுன்னு பாத்து ஒதுங்கிக்கலாம்.

ஜூலை 18
அப்படி ஒரு பட்டன்.

ஜூலை 24
எனக்கு ஒண்ணும் வேண்டாம். அரிசிம்பருப்பு சாதத்த அம்மா ஊட்டி விடுது, வயசு 26.

ஆகஸ்ட் 3
ஆடி 18. எல்லாரும் ஆத்துக்குப் போயிட்டாங்க, நானும் காத்தும்தான். ஸ்டியரிங் ஸ்லைடரக் கொஞ்சம் மட்டுப்படுத்தி ஓட்டுனேன். நேர் ரோட்டுல கார்வெட் என்னையத் தாண்டித் தாண்டிப் போகுது, இந்தக் கேம்ல யாரும் ரொம்பத் தூரம் பிரிஞ்சு போக மாட்டாங்க, துரத்தி வந்துருவாங்க, அதனால கடைசித் திருப்பு வரைக்கும் பொறுத்தேன். அங்க அவன் பிரேக் போட்டான், நான் விரல எடுத்தேன், அவ்வளவுதான்.

ஆறு மார்க்கரும் திரைல நிக்குது. எடுக்கல.

ஆகஸ்ட் 4
லேப்டாப்ப அணைக்கல, சார்ஜர்லயே கெடக்குது. ஆத்தா டேபிள் ஃபேனுக்கு அந்த பிளக் வேணும்ங்கறாங்க.

ஆகஸ்ட் 5
மாமா கூப்புட்டாரு. நாளைக்கிக் கோயமுத்தூர் வரச் சொன்னாரு, "வந்துட்டுப் போ கண்ணு"ன்னாரு, வேற ஒண்ணும் சொல்லல. லேப்டாப்பையும் எடுத்துட்டு வரட்டுங்ளான்னு கேக்க