சும்மா வந்தேன் ஐயா

பல ஊர்ச் சபைகள் ஒரே குருவானவரின் கீழ் இருக்கிற எங்கள் சேகரத்தின் கமிட்டி மினிட்ஸ் புத்தகத்தில் 2021 மார்ச், ஜூன், செப்டம்பர் என்று மூன்று கூட்டங்களிலும் ஒரே வரி இருக்கிறது. ‘குருமனையின் பின்கட்டு ஒழுகுவது பற்றி அடுத்த கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம் எனத் தீர்மானிக்கப்பட்டது.’ குருமனை என்றால் குருவானவர் குடியிருக்கிற வீடு. மூன்றும் என் கையெழுத்து. செப்டம்பர் கூட்டத்தில் அந்த வரிக்குக் கீழேயே ஆலயத்துக்குப் புது மைக் செட் வாங்க 86,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். அதற்கு ஒருவரும் மறுபேச்சு பேசவில்லை. செயலர் நான்தான்.

எங்கள் ஊர் உடன்குடிப் பக்கம். இங்கே சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குருவானவரை ‘ஐயர்’ என்றுதான் சொல்வோம். ‘ஐயர் கோழி அடித்துக் குழம்பு வைத்தார்’ என்று நான் சொன்னதைக் கேட்டு ஒரு சென்னைக்காரர் ரயிலில் திடுக்கிட்டுப் போனது தனிக்கதை.

இந்த ஐயர் 2019 மே மாதம் மாறுதலில் வந்தார். எங்கள் சேகரத்தில் ஒன்பது சபைகள். நற்கருணை, அதாவது அப்பமும் திராட்சரசமும், கொடுக்கக் குருப்பட்டம் பெற்றவர் வேண்டும், ஊர்ச் சபையைப் பார்த்துக்கொள்கிற உபதேசியார் கொடுக்க முடியாது. அதனால் ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஓர் ஊர், எட்டரைக்கு எங்கள் ஊர், பதினொன்றுக்கு இன்னோர் ஊர் என்று அங்கியை பைக் பெட்டியில் வைத்துக்கொண்டு ஓடுவார். மதியத்துக்கு மேல் வியாதியஸ்தர் வீடு. திங்கள்தான் ஓய்வு என்று பெயர். அன்றைக்குத்தான் கல்யாண ஓலை எழுதிக் கொடுக்க, சர்டிபிகேட் வாங்க, வேலிச் சண்டையைச் சொல்ல என்று ஆட்கள் வருவார்கள். நானும் அந்த வரிசையில் நின்றவன்தான்.

2021 நவம்பர். நல்ல மழை. என் தங்கை மகனுக்கு ஞானஸ்நான சர்டிபிகேட் அவசரமாகத் தேவைப்பட்டது. ராத்திரி எட்டு மணிக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு குருமனைக்குப் போனேன். கரண்ட் இல்லை. ஐயர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, நிறைந்த குத்துப்போணியைத் தூக்கி முற்றத்தில் கொட்டிவிட்டு, மறுபடியும் அதே இடத்தில் வைத்துக்கொண்டிருந்தார். அறைக்குள் நான்கு இடத்தில் பாத்திரம். பத்தாவது படிக்கிற மகள் கட்டில் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எமர்ஜென்சி லைட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். தலைக்கு மேல் கட்டில் காலில் கட்டிய குடை. என்னைப் பார்த்ததும் ஐயர் சிரித்தார். “வாங்க சார், உக்காருங்க. இந்த நாற்காலியில மட்டும் சொட்டாது” என்றார்.

ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ரிஜிஸ்தரைத் தேடி எடுத்து, லைட்டை மகளிடமிருந்து ஒரு நிமிஷம் வாங்கி, எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். குழந்தை நல்லபடியாகப் பள்ளிக்கூடத்தில் சேரட்டும் என்று ஜெபம் வேறு பண்ணினார். நாற்காலி உண்மையிலேயே நனையவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் தட்டை வைத்துக்கொண்டே கேட்டாள்: “பண்டிகைக்குப் பண்டிகை ஐயருக்குப் பொன்னாடை போடுதிய. ஓட்டுக்கு ஒரு தார்ப்பாய் போட்டியளா?”

கூரை வேலை டிசம்பரில் முடிந்தது, 41,000 ரூபாய். மூன்று கூட்டங்கள் தள்ளிப்போட்ட விஷயம், கொத்தனாருக்கு ஆறு நாள் வேலை. கூரை சரி. ஆனால் எட்டு மாதம் அந்த மனிதர் ஏன் சத்தம் போடவில்லை என்பது எனக்கு நெருடிக்கொண்டே இருந்தது. போட்டிருந்தால் என்ன பேசியிருப்போம் என்றும் எனக்குத் தெரியும். ‘ஐயர் வசதி பாக்குறார்’ என்று டீக்கடையில் வைத்தே முடித்திருப்போம். அப்புறம் திருமண்டலத்தின், அதாவது ஒரு பேராயரின் கீழ் உள்ள எல்லாச் சேகரங்களுக்கும் சேர்த்த பெருமன்றத்துக்குத் தேர்தல் வந்தால் ஊர் இரண்டு அணியாக நிற்கும். ஐயர் எந்த வீட்டில் டீ குடிக்கிறாரோ அந்த அணிக்காரர் ஆகிவிடுவார். ஆகவே அவர் யார் வீட்டிலும் டீ குடிப்பதில்லை. ஐந்நூறு குடும்பங்கள் இருக்கிற சேகரத்தில் மனசு விட்டுப் பேச ஓர் ஆள் கிடையாது.

2022 தொடக்கத்தில் கமிட்டியில் ஒரு புகார் வந்தது. ஐயர் திங்கள்கிழமை சாயங்காலம் மெயின் ரோட்டு பரோட்டாக் கடையில் பெந்தெகொஸ்தே பாஸ்டரோடும் இரட்சணிய சேனை மேஜரோடும் (அந்தச் சபையில் போதகருக்கு ராணுவப் பட்டம்தான்) உட்கார்ந்து டீ குடிக்கிறாராம். “நம்ம ஆட்கள அந்தப் பக்கம் இழுத்துட்டுப் போறதே அந்தப் பாஸ்டர்தான், அவர்கூட என்ன ஒட்டு?” என்று பெரியவர் ஒருவர் கொதித்தார். செயலர் போய் விசாரித்து வரட்டும் என்று முடிவானது. இதை மட்டும் மினிட்ஸில் நான் எழுதவில்லை.

போனேன். மூன்று பேரும் கடையின் பின்பக்கம், பரோட்டா மாவு பிசைகிற மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஐயருக்கு விஷயம் புரிந்துவிட்டது. “சாருக்கும் ஒரு டீ” என்றார். உபதேசம் பற்றி ஏதாவது விவாதம் நடக்கும் என்று எதிர்பார்த்தேன். இந்த மூன்று சபைகளும் ஒத்துப்போகாத விஷயங்கள் கொஞ்சமா? இரட்சணிய சேனையில் ஞானஸ்நானமே கிடையாது, நற்கருணையும் கிடையாது. எங்களில் குழந்தைக்கே ஞானஸ்நானம் கொடுத்துவிடுவோம். பாஸ்டரோ அது செல்லாது, விவரம் தெரிந்த வயதில் தண்ணீரில் முங்கி எழ வேண்டும் என்பார்.

ஆனால் அன்றைக்குப் பேச்சு பாஸ்டரின் வீட்டு வாடகை பற்றி. அவருக்குத் திருமண்டலமும் இல்லை, மாதச் சம்பளமும் இல்லை. தகர ஷெட்டில் இருபது இருபத்தைந்து குடும்பங்கள் போடுகிற காணிக்கைதான். இரண்டு மாத வாடகை பாக்கி. அதைச் சபையில் சொன்னால் ‘பாஸ்டருக்கு விசுவாசம் போதாது’ என்பார்களாம். அதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். மேஜர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் ஐயரிடம் திரும்பி, “இந்த வாரம் ஒமக்கு யார் மேல கோவம்?” என்றார். இது அவர்கள் வாராவாரம் கேட்டுக்கொள்கிற கேள்வி போலிருக்கிறது. ஐயர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “அத அடுத்த வாரம் சொல்லுதேன்” என்றார். டீ எனக்குத் தொண்டையில் நின்றது. கிளம்பும்போது மூன்று பேரும் மாவு மேஜைக்குப் பக்கத்தில் நின்றபடியே ஒருவருக்காக ஒருவர் ஜெபம் பண்ணினார்கள். இரண்டு நிமிஷம்கூட இருக்காது.

திரும்பி வரும் வழியில் ஐயரிடம் கேட்டேன், நம் திருமண்டலத்திலேயே இத்தனை ஐயர்மார் இருக்கிறார்களே, அவர்களோடு பழகலாமே என்று. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். பிறகு சொன்னார்: “மாறுதல் லிஸ்ட் வருகிற மே மாதம் எல்லாருக்கும் ஒரே நல்ல சேகரம்தான் வேணும் சார். இன்னைக்கு நான் சொல்றது நாளைக்கு எங்க போய் நிக்கும்னு தெரியாது. மேஜருக்கு என் சேகரம் வேண்டாம், எனக்கு அவர் யூனிபாரம் வேண்டாம். அதனால பேச முடியுது.”

கமிட்டியில் ‘விசாரித்தேன், டீதான் குடிக்கிறார்கள்’ என்று சொல்லி முடித்தேன்.

அந்த வாரமே, ஒன்றும் கேட்காமல் குருமனைக்கு ஒருதடவை போய்வருவது என்று வைத்துக்கொண்டேன். சொல்ல லேசாக இருக்கிறது. வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டு மரத்து முருங்கைக்காய் நாலைக் கட்டிக்கொண்டு போனேன். ஐயர் சட்டையை மாட்டிக்கொண்டு அவசரமாக வந்தார். “என்ன விஷயம் சார்?”

“ஒண்ணும் இல்ல ஐயா, சும்மா வந்தேன்.”

உட்கார்ந்தோம். மின்விசிறி சுற்றியது. “கமிட்டி தேதி ஏதும் மாத்தணுமா?” என்றார். இல்லை என்றேன். அவர் எழுந்து உள்ளே போய், ரசீது புத்தகத்தையும் பேனாவையும் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தார். சங்கக் காணிக்கை கட்ட வந்திருக்கிறேன், சொல்லக் கூச்சப்படுகிறேன் என்று நினைத்துவிட்டார்! மூன்றாவது தடவையும் “சும்மாதான்” என்றபோது அவர் முகத்தில் வந்தது சந்தோஷம் இல்லை, பயம். பெரிதாக ஏதோ குண்டு வரப்போகிறது என்று நினைத்தார் போல. ஐயரம்மா கதவோரம் வந்து நின்றார். கடைசியில் முருங்கைக்காய்தான் காப்பாற்றியது. கருவாடு போட்டா, பருப்பு போட்டா என்று பேச்சு ஆரம்பித்து, அவருடைய அம்மா நாகர்கோவில் பக்கம் தேங்காய் அரைத்து வைக்கிற குழம்புக்குப் போய், அந்த அம்மாவுக்கு இப்போது ஞாபகம் தப்பிக்கொண்டிருக்கிறது, மகனையே “ஐயா யாரு?” என்று கேட்கிறார் என்பதில் வந்து நின்றது. மூன்று வருஷமாக எங்கள் ஊரில் இருக்கிறார். ஞாயிறுதோறும் எங்கள் வீட்டு வயசானவர்களுக்குப் பெயர் சொல்லி ஜெபிக்கிறார். அவருக்கு ஓர் அம்மா இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

எங்கள் ஊரிலிருந்து வெள்ளாளன்விளை சைக்கிள் தூரம்தான். அங்கே ஐயராக இருந்த தாமஸ் வேதநாயகத்தின் மகன் வி. எஸ். அசரியா. 1874-இல் பிறந்தவர், 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர், 1912-இல் தோர்ணக்கல் பேராயர். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர் அவர்தான். 1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், வெள்ளைக்கார மிஷனரிகள் நிறைந்த சபையில் எழுந்து நின்று அவர் பேசியதை ஓய்வுநாள் பாடசாலையிலேயே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஏழைகளுக்காக உங்கள் ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், சரீரத்தைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். அன்பில்லாமல் எதைக் கொடுத்தாலும் பயனில்லை என்கிற கொரிந்தியர் நிருபத்தை அப்படியே அவர்கள் பக்கம் திருப்பிவிட்டார். சிறுவயதில் அதைக் கேட்டு, வெள்ளைக்காரனை எங்கள் ஊர்க்காரர் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டார் என்று புல்லரித்திருக்கிறேன். ரசீது புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த வியாழக்கிழமை, நான் எந்தப் பக்கத்து நாற்காலியில் இருக்கிறேன் என்று தெரிந்தது. பொன்னாடை கொடுத்திருக்கிறோம், காணிக்கைக் கவர் கொடுத்திருக்கிறோம், கிறிஸ்துமஸுக்குச் சேவல் கொடுத்திருக்கிறோம்.

இதைக் கமிட்டியில் சொல்லி, ஆளாளுக்கு வாரம் ஒருவர் என்று முறை போட்டோம். படுதோல்வி. மூன்றாவது வாரம் போனவர் தம்பியின் சொத்துப் பிரச்சினையைக் கொண்டுபோனார். ஐந்தாவது ஆள் ‘ஐயரைப் பார்த்தாச்சு’ என்று எனக்கு வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் போட்டார். முறை போட்டால் அது டியூட்டி ஆகிவிடுகிறது. விட்டுவிட்டோம். நானும், பால் சொசைட்டியில் வேலை பார்க்கிற ஒருவரும் மட்டும் எங்கள் இஷ்டத்துக்குப் போய்வந்தோம். ‘செயலர் ஐயரைக் கைக்குள்ள போட்டுட்டார்’ என்றும் பேசினார்கள். சரி, பேசட்டும்.

அந்த டீக்கடைக் கூட்டுக்கு என்ன பலன் என்று கேட்டவர்களுக்கு 2023 டிசம்பர் பதில் சொன்னது. 17-ஆம் தேதி ஞாயிறு. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. எங்களுடையது தேரி மண், சிவப்பு மணல், எவ்வளவு கொட்டினாலும் உறிஞ்சிவிடும். ஆனால் தாமிரபரணிக் கரையில் ஏரல் முழுக்கத் தண்ணீர். கரண்ட் இல்லை, செல்போன் டவர் இல்லை. அந்தச் சமயத்தில் யாரும் யாருக்கும் கடிதம் எழுதி அனுமதி கேட்டுக்கொண்டிருக்கவில்லை. மேஜர் நனைந்துகொண்டே வந்து ஆலய விருந்துக்குச் சமைக்கிற எங்கள் அசன அண்டாக்களைக் கேட்டார். ஐயர் சாவியைக் கொடுத்தார். பாஸ்டரின் சபைப் பிள்ளைகள் எங்கள் ஆலயத் திண்ணையில் உட்கார்ந்து பொட்டலம் கட்டினார்கள். தண்ணீர் கொஞ்சம் வடிந்ததும் டிராக்டரில் மூன்று பேரும் ஏரல் பக்கம் போனார்கள். இரண்டு வருஷம் முன்னால் புகார் சொன்ன அந்தப் பெரியவர்தான் அரிசி மூட்டையை எடுத்துக் கொடுத்தார். பாஸ்டரோடு அவர் இன்றுவரை பேசவில்லை, அது வேறு விஷயம்.

2024 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை இரவு ஐயரின் அம்மா இறந்துபோனார். மறுநாள் மூன்று ஊரில் நற்கருணை. மேஜர் தன் காரில் குடும்பத்தை நாகர்கோவிலுக்குக் கூட்டிப்போனார். பக்கத்துச் சேகரத்து ஐயர், தன்னுடைய ஆராதனைகளை முடித்துவிட்டுப் பதினொன்றே முக்காலுக்கு எங்கள் ஊருக்கு வந்து நற்கருணை கொடுத்தார். நம்ம ஐயர் அவரைப் பற்றி நல்லதாக ஒன்றும் சொன்னதில்லை. ஒரே நல்ல சேகரத்துக்குக் காத்திருக்கிற இரண்டு பேர் என்று ஊருக்கே தெரியும். ஆராதனை முடிந்து, சாப்பிடாமல், அங்கியோடேயே அவரும் நாகர்கோவிலுக்குக் கிளம்பினார். அடக்க ஆராதனையில் பிரசங்கம் பண்ணியது அவர்தான். அதன் பிறகு இரண்டு பேருக்கும் நடுவில் என்ன பேச்சு நடந்தது என்று நான் கேட்கவில்லை. ஆனால் மார்ச் மாதத்திலிருந்து பரோட்டாக் கடையில் நாலு டீ.

அந்த மே மாதமே மாறுதல் லிஸ்ட் வந்தது. அந்த நல்ல சேகரம் இரண்டு பேருக்குமே கிடைக்கவில்லை. லாரியில் சாமான் ஏற்றும்போது கணக்குப் பார்த்தோம், பொன்னாடைகள் மட்டும் இரண்டு பெட்டி. அதில் ஒன்றை மேஜர் கேட்டு வாங்கிக்கொண்டார், கார் துடைக்க.

புது ஐயர் ஜூனில் வந்தார். சின்ன வயது, ஐயரம்மா நாசரேத் பக்கம் ஸ்கூலில் டீச்சர், சாயங்காலம் ஐந்தரைக்கு மேல்தான் வீட்டில் ஆள். முருங்கைக்காயோடு போனேன். ரசீது புத்தகம் வந்தது. இந்தத் தடவை எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

இரண்டு திங்கள்கிழமை கழிந்ததும் மேஜர் போன் பண்ணினார். “ஒங்க புது ஐயர் டீ குடிப்பாரா?”

விசாரித்துவிட்டுச் சொன்னேன், காபிதானாம்.