திறப்பைக் கொடுத்துச் செல்ல ஓர் அயல்வீடு

பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்கும்போது தரப்படும் படிவத்தில், பெற்றோரைத் தொடர்புகொள்ள முடியாவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்று கேட்கும் ஒரு கட்டம் இருக்கிறது. கனடாவுக்கு வந்த முதல் ஆண்டிலேயே சமூகக் காப்புறுதி இலக்கம், சுகாதார அட்டை, வங்கிக் கணக்கு, பனிக்கால மேலங்கி என்று எல்லாவற்றையும் ஒருவாறு தேடிக்கொண்ட எங்களுக்கு, அந்த ஒரு கட்டத்தில் எழுதுவதற்கு மட்டும் பெயர் கிடைக்கவில்லை. கடைசியில், பிரம்டனில் வசிக்கும் என் கணவரின் சித்தியுடைய பெயரை எழுதினோம். நெடுஞ்சாலையில் நெரிசல் குறைந்த நாளிலும் அவர் ரொறன்ரோவின் கிழக்கே நாங்கள் வசிக்கும் ஸ்காபரோவுக்கு வந்து சேர ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் பிடிக்கும். நாங்கள் குடியிருந்த தொடர்மாடியிலோ ஒவ்வொரு தாழ்வாரத்திலும் கதவுக்குக் கதவு குடும்பங்கள் இருந்தன. காய்ச்சல் வந்த பிள்ளையைப் பத்து நிமிடத்தில் போய் அழைத்துவரக்கூடிய மனிதர்கள் அந்தக் கதவுகளுக்குப் பின்னால்தான் இருந்தார்கள். அவர்களில் ஒருவருடைய பெயரும் எங்களுக்குத் தெரியாது.

அந்தக் கட்டத்தில் எழுதக்கூடிய அயலவர்களை உண்டாக்குவதையே தன் வேலையாகக் கொண்ட ஒரு சிறிய இலாபநோக்கற்ற அமைப்பு எங்கள் கட்டடத்தில் இயங்குகிறது. அதில் முதலில் வந்து போகிறவளாகவும், பிறகு தொண்டராகவும் இருந்து வருகிறேன். இந்த நாட்டில் நான் கால் ஊன்றியது அந்த அமைப்பின் மூலம்தான் என்பதால், அது எவ்வாறு இயங்குகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

ரொறன்ரோ நகரில், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய சில பத்தாண்டுகளில் கட்டப்பட்ட, எட்டு மாடியும் அதற்கு மேலும் உயர்ந்த தொடர்மாடிக் கட்டடங்கள் ஏறத்தாழ 1,200 உள்ளன. புறநகரில் உள்ளவை பெரும்பாலும் கார் வைத்திருக்கும் குடும்பங்களை மனத்திற் கொண்டு திட்டமிடப்பட்டவை. அதனால் கட்டடங்களுக்கு இடையே அகன்ற புல்வெளியும் பெரிய வாகனத் தரிப்பிடமும் இருக்கும்; நாலு பேர் நின்று கதைப்பதற்கு ஓர் இடம் இருக்காது. பின்னாளில் இந்தக் கட்டடங்களில் புதிதாக நாட்டுக்கு வந்தவர்கள் நிறைந்தார்கள். இலங்கையின் 1983 கலவரத்துக்குப் பின்னர் வந்த நம்மவர்களில் பலர் முதலில் நகர மையத்தின் சென் ஜேம்ஸ் ரவுண் மாடிகளில் குடியேறி, பிறகு ஸ்காபரோவுக்கு நகர்ந்தார்கள். மாநகராட்சி 2005ஆம் ஆண்டில் 13 அயற்பகுதிகளையும், 2014ஆம் ஆண்டில் 31 அயற்பகுதிகளையும் கூடுதல் கவனம் தேவைப்படுபவையாக அறிவித்தபோது, அவற்றுள் இத்தகைய மாடிக் குடியிருப்புகள் நிறைந்த பகுதிகள் பல இடம்பெற்றன.

நமக்குத்தான் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் கோயில்களும் இருக்கின்றனவே என்று சிலர் கேட்பார்கள். அவை இல்லாவிட்டால் நம்மில் பலர் முதல் சில ஆண்டுகளைத் தாங்கியிருக்கவே மாட்டோம். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் இல்லை. ஆயினும் அந்த உறவுகள் நகரமெங்கும் பரந்து கிடக்கின்றன. வார இறுதியில் ஒரு மண்டபத்தில் கூடிக் கலையும் உறவு, புதன்கிழமை இரவு பதினொரு மணிக்குச் சமையலறைக் குழாய் உடைந்து தண்ணீர் கீழ்வீட்டுக்கு ஒழுகும்போது உதவிக்கு வராது. அப்போது தேவைப்படுகிறவர் கீழ்வீட்டுக்காரர். அவர் ஆப்கானிஸ்தானின் தாரி மொழி பேசுகிறவராகவோ, பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவராகவோ இருக்கலாம்.

எங்கள் அமைப்பு கட்டடத்தின் சலவை அறையில் தொடங்கியது. உலர்த்தும் இயந்திரம் நிற்கும்வரை அங்கே எல்லோரும் காத்திருந்தாக வேண்டும். இருக்கை இல்லாததால் சுவரோடு சாய்ந்து தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மூன்று பெண்கள் சேர்ந்து அங்கே மடக்கு நாற்காலிகள் சிலவற்றையும் ஒரு சிறு மேசையையும் கொண்டுவந்து வைத்தார்கள். சலவைக்கு வந்தவர்கள் உட்காரத் தொடங்கினார்கள். உட்கார்ந்தவர்கள் கதைக்கத் தொடங்கினார்கள். சில மாதங்களில் கட்டட முகாமையாளர் நிலமாடியில் பயன்படாமல் கிடந்த ஓர் அறையைத் தந்தார். அமைப்பாகப் பதிவு செய்ததெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அறை கிடைத்ததும் ஐந்து மொழிகளில் அறிவித்தல் அடித்து மின்தூக்கிக்குள் ஒட்டினோம். அதைப் பார்த்து வந்தவர்கள் மிகக் குறைவு. புதிதாக வந்த குடும்பத்துக்கு அறிவித்தல் என்றால் வாடகை உயர்வு அல்லது தண்ணீர் வெட்டு என்றுதான் பொருள். எந்த மொழியில் எழுதினாலும் கண் அதைத் தாண்டிப் போய்விடும். ஆகவே கதவைத் தட்டினோம். எப்போதும் இருவராகப் போவோம். அவர்களில் ஒருவர் அந்த வீட்டு மொழியைப் பேசுகிறவராகவும், முடிந்தால் அதே மாடியில் குடியிருப்பவராகவும் இருக்க வேண்டும் என்பது எங்கள் ஒழுங்கு. சங்கிலி பூட்டியபடியே கதவு கொஞ்சமாகத் திறக்கும். உள்ளேயிருந்து பார்க்கும் கண்கள், எங்கள் கையில் கடதாசி இருக்கிறதா என்றுதான் முதலில் தேடும். அதனால் கடதாசியோ பேனாவோ கொண்டுபோவதை நிறுத்திவிட்டோம். பெயரைச் சொல்லி, வீட்டு இலக்கத்தைச் சொல்லி, நிலமாடி அறையில் செவ்வாய்க்கிழமை தேநீர் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுவோம்.

கேட்கும் கேள்வியிலும் எங்களுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. உங்களுக்கு என்ன உதவி வேண்டும் என்று நாங்கள் கேட்பதில்லை. உங்களுக்கு என்ன செய்யத் தெரியும் என்று கேட்கிறோம். அமெரிக்காவின் நோர்த்வெஸ்ரேர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் கிரெற்ஸ்மன், ஜோன் மக்நைற் ஆகிய இருவரும் 1990களில் வலியுறுத்திய அணுகுமுறை இது. ஓர் அயற்பகுதியை அதன் குறைகளின் பட்டியலாகப் பார்க்கும்போது அங்கு வாழ்கிறவர்கள் வெறும் சேவை பெறுவோராகச் சுருங்கிவிடுகிறார்கள் என்பது அவர்களின் வாதம். எங்கள் அனுபவமும் அதுவே. உதவி வேண்டுமா என்றால் நம்மவர்கள் தன்மானத்தோடு இல்லை என்பார்கள், கதவு மூடிவிடும். என்ன தெரியும் என்று கேட்டபோது, ஏழாம் மாடியில் யாருடனும் பேசாமல் இருந்த ஒரு முதியவர் தையல் இயந்திரம் திருத்துவார் என்று தெரியவந்தது. அடுத்த வாரமே அவர் வீட்டு வாசலில் மூன்று மொழிக்காரர்கள் இயந்திரங்களோடு நின்றார்கள்.

இந்த அறைக்கு வருகிறவர்களில் நான் அதிகம் எண்ணிப் பார்ப்பது பேரப்பிள்ளைகளைப் பார்ப்பதற்காக வரவழைக்கப்பட்ட அம்மம்மாக்களையும் அப்பப்பாக்களையும்தான். பெற்றோரையும் பேரன் பேத்தியரையும் பிரித்து வைக்காமலிருக்கக் கனடா 2011ஆம் ஆண்டின் இறுதியில் சூப்பர் விசா என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. 2022 முதல் அதில் வருகிறவர்கள் ஒரு தடவையில் ஐந்து ஆண்டுகள்வரை தங்கலாம்; குறைந்தது 1,00,000 டொலருக்கான தனியார் மருத்துவக் காப்புறுதி வைத்திருக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர்கள் வருகையாளர்கள். மத்திய அரசின் பணத்தில் நடக்கும் மொழி வகுப்புகளும் குடியமர்வுச் சேவைகளும் நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர்களுக்கும் பாதுகாப்பு வழங்கப்பட்ட அகதிகளுக்குமே உரியவை. வருகையாளர்களுக்கு அவற்றில் இடமில்லை. குடியுரிமை பெற்றுவிட்டவர்களுக்கும் இல்லை. ஐந்து ஆண்டுகள் ஒரு வீட்டைத் தாங்கி, இரண்டு பேர் வேலைக்குப் போவதற்கு வழிசெய்து, பிள்ளைகளுக்குத் தமிழும் சோறும் ஊட்டுகிற ஒரு பெண்மணி, பேருந்தில் ஏறி எங்கே இறங்குவது என்று ஆங்கிலத்தில் கேட்கப் படிப்பதற்கு அந்த வகுப்பில் அமர முடியாது. எங்கள் அறையிலோ யாருடைய விசாவையும் யாரும் கேட்பதில்லை. எங்களைப் போன்ற சிறிய அமைப்புகள் இருந்தே ஆக வேண்டும் என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும் என்று நினைக்கிறேன்.

சாவகச்சேரிப் பக்கத்து அம்மம்மா ஒருவரும் காபூலிலிருந்து வந்த ஒரு மூதாட்டியும் செவ்வாய்தோறும் அங்கே அருகருகே இருப்பார்கள். பொதுவாக ஒரு மொழியும் இல்லை. காபூல் மூதாட்டி குரோசே ஊசியால் பின்னுவார்; அம்மம்மா நூலைப் பிடித்துக்கொடுத்துக்கொண்டே அவருடைய விரல்களைக் கவனிப்பார். ஒரு பனிக்காலம் முடிவதற்குள் அம்மம்மாவும் பின்னக் கற்றுக்கொண்டார். எண்கள் மட்டும் இருவருக்கும் இரண்டு மொழியிலும் வந்துவிட்டன. கண்ணி எண்ண வேண்டுமே. இப்போது காலையில் பாடசாலைக்குப் பிள்ளைகளை நடத்திச் செல்வது இந்த இருவரும்தான். இரு வீட்டுப் பிள்ளைகளோடு வேறு சில வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்துகொள்வதால், விடிய ஆறு மணிக்கு வேலை தொடங்கும் தாய்மார் இரண்டு பேர் அந்த வேலையை விடாமல் வைத்திருக்க முடிகிறது.

வேலை தேடுவதிலும் இந்தப் புதிய அறிமுகங்கள் எவ்வளவு பெறுமதியானவை என்பதைப் பார்த்திருக்கிறேன். சமூகவியலாளர் மார்க் கிரனோவெற்றர் 1973ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், பொஸ்ரன் நகரின் புறநகரொன்றில் அண்மையில் வேலை மாறியவர்களை விசாரித்தார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களுள், தாம் அடிக்கடி சந்திக்கும் ஒருவர் வழியாக அதைப் பெற்றவர்கள் ஆறில் ஒரு பங்கினரே. மற்றவர்களுக்கு எப்போதாவது அல்லது அரிதாகக் காண்கிறவர்களே வழிகாட்டியிருந்தார்கள். நெருங்கிய உறவினருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும் என்பது இதற்குக் காரணம். என் உறவினர்கள் அன்போடு காட்டிய வேலைகள் எல்லாம் அவர்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த தொழிற்சாலை வேலைகள்தாம். முதியோர் பராமரிப்புப் பயிற்சி ஒன்று இருக்கிறது, உனக்கு அது பொருந்தும் என்று எனக்குச் சொன்னவர், அந்த அறையில் அறிமுகமான ஒரு பிலிப்பினோ தாதி. இன்றும் அவரை நான் மாதத்துக்கு ஒரு தடவை கண்டாலே பெரிது.

ஆபத்துக் காலத்தில் அயலவரைத் தெரிந்திருப்பது உயிர்ப் பிரச்சினையாகிவிடுகிறது. 1995ஆம் ஆண்டு யூலையில் சிக்காகோவை வெப்ப அலை தாக்கி 700க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதை ஆராய்ந்த சமூகவியலாளர் எரிக் கிளினென்பேர்க், தனித்து வாழும் முதியோரும் வறுமையும் ஒரேயளவு காணப்பட்ட இரண்டு அடுத்தடுத்த பகுதிகளை ஒப்பிட்டார். கடைகள் மூடி, மனைகள் வெறிச்சோடிக் கிடந்த நோர்த் லோண்டேலில் 1,00,000 பேருக்கு 40 பேர் இறந்திருந்தார்கள். மெக்சிக்கோவிலிருந்து குடியேறியவர்கள் நிறைந்து, தெருக்களில் நடமாட்டம் ஓயாத சவுத் லோண்டேலில் அது 4. எங்கள் நகரிலும் 2018 ஓகஸ்டில் சென் ஜேம்ஸ் ரவுணின் 650 பாலியமென்ற் வீதிக் கட்டடத்தில் மின்சாரத் தீ மூண்டு, ஏறத்தாழ 1,500 பேர் வீட்டைவிட்டு வெளியேறினார்கள். ஓர் ஆண்டுக்கு மேல் அவர்கள் திரும்ப முடியவில்லை. அந்தச் செய்தி வந்த வாரமே எங்கள் அறையில், ஒவ்வொரு மாடியிலும் நடக்க முடியாதவர்கள் யார், தனியாக இருப்பவர்கள் யார் என்பதை அந்தந்த மாடியிலேயே ஒருவர் தெரிந்துவைத்திருக்கும் ஏற்பாடு தொடங்கியது. மின்சாரம் நின்று மின்தூக்கி ஓடாத நாட்களில் மருந்தும் தண்ணீரும் ஏறிப்போவது அந்த ஏற்பாட்டினால்தான்.

பண விடயம் சோர்வு தருவது. உதவித்தொகைகள் பெரும்பாலும் ஓர் ஆண்டுத் திட்டத்துக்குக் கிடைக்கின்றன. காப்புறுதிக் கட்டணத்துக்கோ, நிலையான ஒருவருடைய சம்பளத்துக்கோ கிடைப்பதில்லை. அறப்பணி நிறுவனமாகப் பதிவு பெறாததால் வரிப் பற்றுச்சீட்டு கொடுக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை; பெரிய அமைப்பொன்று பொறுப்பேற்றுப் பணத்தை வாங்கி எங்களிடம் தர வேண்டும். ஆண்டு முடிவில் எத்தனை நிகழ்ச்சி, எத்தனை பேர் என்று அறிக்கை கேட்பார்கள். அம்மம்மாவும் காபூல் மூதாட்டியும் பிள்ளைகளை நடத்திச் செல்வதை அந்தப் பத்திகளில் எங்கே எழுதுவது? அது நாங்கள் நடத்தும் நிகழ்ச்சியே அல்லவே. ஒரு தடவை அறிமுகம் செய்துவிட்டு நாங்கள் விலகிக்கொண்டதால்தான் அது நிலைத்தது. நாங்கள் இல்லாமலே தொடர்கின்றவற்றைக் கணக்கெடுக்கும் அறிக்கையை யாராவது கேட்டால் மனமார எழுதிக் கொடுப்பேன்.

உயர்தர வகுப்புப் பிள்ளைகளும் வருகிறார்கள். ஒன்ராறியோ மாகாணத்தில் உயர்நிலைப் பாடசாலைச் சான்றிதழ் பெற 40 மணித்தியாலச் சமூகப் பணி செய்தாக வேண்டும் என்பதால் கையொப்பத்துக்காக வருகிறவர்களே அதிகம். பரவாயில்லை, பலர் அதற்குப் பிறகும் வருகிறார்கள். அவர்களைப் படிவம் நிரப்பவும் தொலைபேசி பழக்கவும் விடுகிறோம். நோயைப் பற்றிய பேச்சுக்கு மொழிபெயர்க்க மட்டும் ஒருபோதும் விடுவதில்லை; தன் அம்மாவின் நோயை மருத்துவரிடம் சொல்லும் பாரத்தைப் பதினைந்து வயதுப் பிள்ளையின் தலையில் வைக்கக் கூடாது.

ரொறன்ரோவில் இந்த வேலைக்கு நீண்ட மரபு உண்டு. புதிதாகக் குடியேறியவர்கள் வாழும் பகுதியிலேயே தங்கிப் பணியாற்றும் நோக்கத்தோடு 1910ஆம் ஆண்டில் இங்கே யூனிவேர்சிற்றி செற்றில்மென்ற் என்ற சமூக நிலையம் தொடங்கப்பட்டது. அன்று படித்தவர்கள் வெளியிலிருந்து வந்து குடியிருந்தார்கள். எங்கள் அமைப்பில் கதவு தட்டுகிறவரும் கதவு திறக்கிறவரும் ஒரே கட்டடத்தின் குடியிருப்பாளர்கள். இப்போது பக்கத்துக் கட்டடத்திலிருந்தும் கேட்கிறார்கள். அங்கே எங்களுக்கு அறை இல்லை. சலவை அறை இருக்கிறது. நாற்காலிகளைக் கொடுத்துவிட்டோம். அந்தக் கட்டடத்தில் வங்காளமோ உருதோ பேசுகிற, மாலையில் ஒரு மணித்தியாலம் ஒதுக்கக்கூடிய ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம். அவர் கிடைத்ததும் முதல் மாடியிலிருந்து தட்டத் தொடங்குவோம்.