ரிங்குக்கு அடியில் நின்ற பையன்

மார்ச் 12, 2024, செவ்வாய்

அப்பாவுக்குச் சோதனைக்காகச் சதை எடுத்து லேபுக்கு அனுப்பியாயிற்று. இரண்டு வாரம் ஆகலாம், மூன்றும் ஆகலாம் என்றார்கள். அப்பா வீட்டுக்கு வந்ததும் முதலில் மோர் கேட்டார்.

மார்ச் 13

அண்ணன் விடியற்காலையில் மெசேஜ் போட்டிருந்தான். அமெரிக்காவில் அவன் ஊர் ராலேயின் நார்த் கரோலினா ஸ்டேட் யுனிவர்சிட்டி கூடைப்பந்து டீம், எங்களுக்கு வெறும் ஸ்டேட், லீக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் லூயிவில்லை 94-85 ஜெயித்திருக்கிறார்கள். சீசன் முழுக்க 17 வெற்றி, 14 தோல்வி, அதிலும் கடைசி நாலு ஆட்டமும் தோற்றுப் பத்தாவது இடத்தில் வந்த டீம். 'நாளைக்கு வீட்டுக்குப் போயிடுவாங்க பாப்பா' என்று எழுதியிருந்தான். அப்பாவிடம் சொன்னேன். ஸ்டேட்டா, சரி, என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மார்ச் 14

வீட்டுக்குப் போகவில்லை. சிரக்கியூஸோடு 83-65. அப்பா இரண்டு இட்லி.

மார்ச் 15, வெள்ளி

நாலரை மணிக்கு எழுந்தேன். கீழே பாய் வீட்டில் நோன்புச் சஹருக்குப் பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது, ஜமாலியா பக்கம் எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது. அண்ணன் அவன் வீட்டு டிவிக்கு முன்னால் போனை நிறுத்தி வீடியோ காலில் காட்டினான், பாதி நேரம் அவன் முட்டிதான் தெரிந்தது. எதிரில் டியூக். 74-69, ஜெயித்துவிட்டோம். அப்பா எப்போது எழுந்து வந்து பின்னால் நின்றார் என்று தெரியவில்லை.

அவர் கேட்ட முதல் கேள்வி: 'அந்தப் பையன் ஏன்டா அங்க நின்னான்?'

இன்றைய ஆட்டத்தைக் கேட்கவில்லை. 1983ஐக் கேட்கிறார். எத்தனை வருடமாக இதைக் கேட்கிறார் என்று எனக்கும் அண்ணனுக்கும்தான் தெரியும். ஆல்புகர்க்கியில் தேசியப் போட்டியின் இறுதி ஆட்டம், எதிரில் ஹூஸ்டன், பெரிய ஆட்டக்காரர்கள் ஒலாஜுவானும் டிரெக்ஸ்லரும் ஒரே டீமில் இருந்த காலம். 52-52. கடைசி நொடிகளில் ஸ்டேட்டின் விட்டன்பர்க் ரொம்ப தூரத்திலிருந்து எறிகிறான், பந்து ரிங்கைக்கூடத் தொடாமல் குறைவாக விழுகிறது. அங்கே லொரென்சோ சார்ல்ஸ் நிற்கிறான், எகிறிப் பிடித்து அப்படியே உள்ளே திணிக்கிறான். 54-52, நேரம் முடிந்தது. எல்லோரும் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இவன் மட்டும் அது விழப்போகிற இடத்தில் நின்றதுதான் அப்பாவுக்கு ஆச்சரியம். ஐ.சி.எஃப்.ல் ரயில் பெட்டிக்கு உடம்பு கட்டும் ஷெல் பக்கம் ஷிப்ட் முடிந்து சாயங்காலம் ஆடும்போது ரிங்குக்கு அடியில் நிற்கிற வேலை அவருடையது. உயரம் இல்லை, ஆனால் நிற்கத் தெரியும் என்பார்.

மார்ச் 16

இதை எழுதியே ஆகவேண்டும், கை நடுங்குகிறது. வர்ஜீனியாவிடம் மூன்று புள்ளி பின்னால், ஐந்து நொடி சொச்சம் இருக்கிறது, அவர்கள் ஃப்ரீ த்ரோவைத் தவறவிடுகிறார்கள், நம்ம ஓகானல் பந்தை வாங்கிக்கொண்டு ஓடுகிறான், நேரம் முடியும்போது எறிகிறான், பந்து போர்டில் பட்டு ரிங்கில் சுற்றி உள்ளே விழுகிறது. நான் கத்தியதில் பாய் வீட்டு அக்கா மேலே ஓடி வந்துவிட்டார், அப்பாவுக்கு என்னவோ ஏதோ என்று. அக்காவைக் கட்டிக்கொண்டேன். ஓவர்டைமில் 73-65. சாயங்காலம் அக்கா நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பினார், அப்பா ஒரு கிண்ணம் முழுக்கக் குடித்தார். இந்த வாரத்தில் அவர் முழுசாகச் சாப்பிட்டது அதுதான்.

மார்ச் 17

சாம்பியன். சாப்பல் ஹில்காரர்களை 84-76. ஐந்து நாளில் ஐந்து ஆட்டம், ஐந்தும் வெற்றி. இந்த லீக் கோப்பை 1987க்குப் பிறகு இப்போதுதான் கிடைக்கிறது. ராலேயில் மணிக்கூண்டைச் சிவப்பு விளக்கில் நிறுத்தியிருப்பதை அண்ணன் படம் எடுத்து அனுப்பினான். அவன் அழுதுகொண்டே பேசினான். ஆட்டத்துக்காக மட்டும் அழவில்லை. டிக்கெட் போடவா என்று மறுபடி கேட்டான். ரிப்போர்ட் வரட்டும் என்றேன்.

மார்ச் 19

ரிப்போர்ட் வரவில்லை. போன் செய்தால் யாரும் எடுப்பதில்லை.

அண்ணனின் பழைய ரூம்மேட்கள் குழுவில் என்னையும் சேர்த்துவிட்டான். ஸ்டேட் ஜெயித்ததிலேயே எது பெரிய வெற்றி என்று ராத்திரி பகலாகச் சண்டை நடக்கிறது. மதுரைக்காரர் 1974தான் என்கிறார். எதிரில் யு.சி.எல்.ஏ., தொடர்ந்து ஏழு வருடம் தேசிய சாம்பியனாக இருந்த டீம், இரண்டாவது ஓவர்டைமில் ஏழு புள்ளி முன்னால் வேறு இருந்தார்கள், அங்கிருந்து எழுந்து 80-77 ஜெயித்தது சாதாரணமா, ஸ்டேட்டுக்கு டேவிட் தாம்சன் மாதிரி இன்னொருவன் வருவானா என்று வரிசையாகக் குரல் பதிவு. மீஞ்சூர்க்காரர் ஹூஸ்டனை விட்டு நகர மாட்டேன் என்கிறார். அண்ணன் இப்போது ஓகானல் பக்கம் சாய்ந்துவிட்டான். நான் படித்துக்கொண்டே இருந்தேன். வேறு எதையும் யோசிக்காமல் இரண்டு மணி நேரம் போயிற்று.

மார்ச் 20

தூக்கமில்லை. 1983 கோச் வால்வானோவின் கடைசிப் பேச்சை யாரோ குழுவில் போட்டார்கள். 1993 மார்ச். மேடைக்கு ஏறவே ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. அடுத்த மாதம் 28ஆம் தேதி போய்விட்டார், 47 வயது. இந்த வீட்டில் நாங்கள் பேர் சொல்லாமல் இருக்கும் அதே நோய். பாதியிலேயே நிறுத்திவிட்டேன்.

அப்பாவுக்கு அவரை ஜெயித்த ராத்திரியில் கோர்ட்டில் ஓடுகிறவராக மட்டும்தான் தெரியும். கட்டிப்பிடிக்க ஆள் தேடி அங்கும் இங்கும் ஓடுவார், விட்டன்பர்க் அதற்குள் வேறு யாரையோ கட்டிக்கொண்டிருப்பான். அந்த இடம் வந்தால் அப்பா எப்போதும் சிரிப்பார். அம்மா இருந்தபோது அவரும் சேர்ந்து சிரிப்பார்.

லொரென்சோ சார்ல்ஸ் 2011ல் ராலேயில் பஸ் ஓட்டிப் போகும்போது விபத்தில் இறந்ததையும் நாங்கள் அப்பாவிடம் சொன்னதில்லை.

மார்ச் 22

தேசியப் போட்டி தொடங்கிவிட்டது. டெக்சாஸ் டெக்கோடு 80-67, ஜெயித்தோம். ரிப்போர்ட் இல்லை.

மார்ச் 24

ஓக்லண்ட், ஓவர்டைம், 79-73. ராத்திரி அப்பாவுக்கு வலி, கரண்டும் இல்லை, ஒரு மணி நேரம் விசிறினேன்.

மார்ச் 26

இன்று அப்பா தெளிவாக இருந்தார். குழுவில் நடக்கும் சண்டையைச் சொல்லி, உனக்கு எதுப்பா பெரிசு என்று கேட்டேன். ஹூஸ்டன் என்பார் என்று நினைத்தேன்.

'பெப்பர்டைன்,' என்றார்.

1983ல் முதல் சுற்றில் எதிரில் வந்த டீம் அது, இறுதி ஆட்டத்துக்கு ரொம்ப முன்னால். ஓவர்டைமில் ஒரு நிமிடம் சொச்சம்தான் பாக்கி, ஆறு புள்ளி பின்னால். வேண்டுமென்றே ஃபவுல் செய்து ஃப்ரீ த்ரோ போட வைத்தார்கள், நன்றாகப் போடுகிறவனே அங்கே தவறவிட்டான். இவர்கள் பக்கம் விட்டன்பர்க் ஃப்ரீ த்ரோ தவற, மெக்வீன் அந்தப் பந்தை எடுத்துப் போட்டுச் சமன் செய்தான். இரண்டாவது ஓவர்டைமில் 69-67. அடுத்தது லாஸ் வேகாஸ், 71-70. அப்புறம் வர்ஜீனியா, 63-62. அப்பா ஒவ்வொரு ஸ்கோரையும் விரல் மடக்கிச் சொன்னார், ஒன்றுகூடத் தப்பில்லை.

'அன்னிக்கு வீட்டுக்குப் போயிருந்தா அந்தப் பையன் எங்கம்மா போய் நிப்பான்?'

அண்ணனிடம் சொன்னேன். குழுவில் போட்டான். மதுரைக்காரர் கைகூப்பினார். எனக்கு அது போதும், எனக்கும் இனிமேல் பெப்பர்டைன்தான்.

மார்ச் 29

புனித வெள்ளி, லேப் மூடல். லூர்து மாதா கோயில் பக்கம் கூட்டம், ஆட்டோ சுற்றிக்கொண்டு வந்தது. எலக்ஷன் மைக் வேறு.

மார்ச் 30

மார்கெட், 67-58. கடைசி எட்டில் இருக்கிறோம். பெண்கள் டீமும் இருக்கிறது. அண்ணனுக்குக் குரலே போய்விட்டது.

ஏப்ரல் 1, திங்கள்

ராத்திரி இரண்டரை மணிக்கு அப்பாவே என்னை எழுப்பினார். தலையணையை முதுகுக்கு வைத்து உட்கார வைத்தேன். மறுபடி டியூக். பர்ன்ஸ் என்று அந்தப் பெரிய உடம்புக்காரப் பையன், ரிங்குக்கு முதுகைக் காட்டி மெதுவாக இடித்து இடித்துப் போய், திரும்பி இடது கையால் போட்டுவிடுகிறான், சிரித்துக்கொண்டே. 29 புள்ளி. அப்பா அவனிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை. 'நிக்கிறான் பாரு, நிக்கத் தெரியுது இவனுக்கு.' 76-64. 1983க்குப் பிறகு முதல் தடவையாகக் கடைசி நாலு பேரில் ஸ்டேட். முடிந்ததும் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் போனில் கத்திக்கொண்டிருந்தான், பெண்கள் டீமும் கடைசி நாலில் என்று.

பதினொரு மணிக்குப் போன் வந்தது. நாளைக்கு அப்பாவையும் கூட்டி வரச் சொன்னார்கள். எதற்குக் கூட்டி வரச் சொல்கிறார்கள்?

ஏப்ரல் 2

பத்தரைக்கு டோக்கன். அண்ணன் கொடுத்த, ஸ்டேட்டின் ஓநாய் போட்ட சிவப்பு டீ ஷர்ட்டைத்தான் போடுவேன் என்கிறார், தொளதொள என்று இருக்கிறது. ஆட்டோ கீழே வந்துவிட்டது.