ஸ்டாக் அளவுக் கேள்வியா? திரும்பி வரும் மதிப்பைப் பாருங்கள்

கணினி நிரலாக்கச் செய்முறைத் தேர்வின் முடிவு வந்துவிட்டது. தேறிவிட்டேன். நிரலுக்குச் சராசரி மதிப்பெண்தான். கைதூக்கிவிட்டது வாய்மொழித் தேர்வில் வந்த ஸ்டாக் கேள்வி. ஆகவே திரெட்டுகளை (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் பணிகளை) ஒத்திசைக்கும் மியூடெக்ஸ், செமஃபோர் பற்றி வேறு யாரிடமாவது கேளுங்கள். நான் ஸ்டாக் பற்றித்தான், அதாவது ஒவ்வொரு திரெட்டும் தன் உள்ளூர் மாறிகளை வைக்கும் நினைவகப் பகுதி பற்றித்தான் சொல்வேன்.

லினக்ஸில் பிதிரெட் (சி நிரல்களில் திரெட் உருவாக்கும் நூலகம்) ஸ்டாக்கின் குறைந்தபட்ச அளவு வழக்கமாக 16,384 பைட். கேள்வித்தாளில் 8,000 பைட் ஸ்டாக்குடன் திரெட் உருவாக்கக் கேட்டிருந்தார்கள். பொறி அதுதான். ஸ்டாக் அளவை வைக்கும் பிதிரெட்_ஆட்டர்_செட்ஸ்டாக்சைஸ் என்ற செயற்கூறு அதை ஏற்காமல் ஈஇன்வால் (செல்லாத மதிப்பு) என்ற பிழை எண்ணைத் திருப்பித் தரும். அதைப் பார்க்காமல் விட்டால், பழைய இயல்பு அளவிலேயே திரெட் உருவாகி, விடையும் சரியாக வந்துவிடும். எர்னோ என்ற பொதுப் பிழை மாறியைப் படித்துச் செய்தி காட்டும் பிஎரர் போட்டுப் பார்ப்பவர்களுக்கோ இன்னொரு வேடிக்கை: தோல்விக்குப் பிறகும் திரையில் 'சக்ஸஸ்' என்று வரலாம்! பிதிரெட் செயற்கூறுகள் எர்னோவைத் தொடுவதில்லை. பிழை எண்ணை நேரடியாகத் திருப்புகின்றன. அந்த எண்ணை, பிழை எண்ணைச் செய்தியாக மாற்றும் ஸ்டர்எரரிடம் கொடுங்கள். இதை விளக்கியதும்தான் புறத்தேர்வாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மற்றவை சுருக்கமாக:
- யூலிமிட் (ஷெல்லில் வைக்கும் ஸ்டாக் வரம்பு) 8 மெகாபைட் என்றால் புதிய திரெட்டுக்கும் அதுவே. வரம்பில்லை என்று வைத்தால் 64 பிட் இன்டெல் கணினியில் 2 மெகாபைட்.
- திரெட் பிறந்தபின் ஆட்ரிப்யூட்டை (அளவு முதலிய அமைப்புகளை) மாற்றிப் பயனில்லை.
- மெயின் திரெட்டுக்கு இந்த ஆட்ரிப்யூட் பொருந்தாது.

“ஆயிரம் திரெட் என்றால் 8 ஜிபி ராம் போய்விடுமா?” என்று கேட்பார்கள். போகாது. ஒதுக்கப்படுவது மெய்நிகர் முகவரிவெளி. தொட்ட பக்கங்களுக்கு மட்டுமே ராம் செலவாகும். ஆனால் 32 பிட் லினக்ஸில் நிரலுக்குக் கிடைக்கும் முகவரிவெளி வழக்கமாக 3 ஜிபிதான், 8 மெகாபைட் வீதம் அங்கே நானூறு திரெட்டுகூடத் தேறாது. அளவைக் குறைக்க வேண்டிய உண்மையான காரணம் இது.

ஸ்டாக் நிரம்பி வழிந்தால் காவல் பக்கம் (ஸ்டாக்கின் எல்லையில் தொட முடியாதபடி வைக்கும் நினைவகப் பக்கம்) காப்பாற்றும் என்று அடித்துச் சொல்லிவிடாதீர்கள். அது பெரும்பாலும் 4,096 பைட். பெரிய உள்ளூர் அணி ஒன்று அதைத் தாண்டிக் குதித்து அடுத்தவர் நினைவகத்தில் எழுதிவிடக்கூடும். ஸ்டாக் நினைவகத்தை நீங்களே கொடுத்தால் காவல் பக்கமே கிடையாது.

ஊகித்து அளவு வைப்பவர்களை எனக்குப் பிடிக்காது. ரிகர்ஷனின் (செயற்கூறு தன்னையே அழைப்பதன்) ஆழத்தை ஒரு சட்டகத்தின் (ஒவ்வொரு அழைப்பும் ஸ்டாக்கில் எடுக்கும் இடத்தின்) அளவால் பெருக்குங்கள், மேலே தாராளமாக இடம் விடுங்கள். வீட்டில் மேக்கில் பயிற்சி செய்கிறவர்கள் இதை இரண்டு மடங்கு கவனிக்க வேண்டும்: அங்கே துணைத் திரெட்டுக்கு இயல்பாகக் கிடைப்பது 512 கிலோபைட்தான்.