போக்மாலோவில் ஒரு சீ ஹாரியர், கூடவே ஒரு டாக்ஸி கொள்ளை

வாஸ்கோ ரயில் நிலையத்திலிருந்து போக்மாலோ கடற்படை விமான அருங்காட்சியகம் பத்து கிலோமீட்டர்கூட இல்லை. டாக்ஸிக்காரர் 700 ரூபாய் கேட்டார். மீட்டர் போடச் சொன்னதற்குச் சிரித்தார். கோவாவில் சிக்கனமாகச் சுற்ற நினைப்பவனுக்கு முதல் எதிரி டாக்ஸிதான்.

ஆனால் திறந்தவெளியில் நிற்கும் சீ ஹாரியரைப் பார்த்ததும் 700 ரூபாய் மறந்தே போனது. விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து பறந்து, அந்தரத்தில் நின்று செங்குத்தாக இறங்கும் போர் விமானம் அது. இவ்வளவு சின்னதா! 1982 ஃபாக்லாந்து போரில் பிரிட்டனின் சீ ஹாரியர்கள் 20 அர்ஜென்டினா விமானங்களை வீழ்த்தின. வான் சண்டையில் ஒன்றைக்கூட இழக்கவில்லை. அப்படியும் ஆறு போயின. இரண்டு, தரையிலிருந்து சுடப்பட்டவை. மீதி நான்கும் விபத்து. மோசமான வானிலையில் இரண்டு ஒன்றாகக் காணாமல் போயின, மோதியிருக்கலாம் என்கிறார்கள். இன்னொன்று ஆடிய கப்பலின் தளத்திலிருந்து வழுக்கிக் கடலில் விழுந்தது.

நம் கடற்படையின் கணக்கு இன்னும் விசித்திரம். 1983 முதல் 2016 வரை சீ ஹாரியர் பறந்தது. எதிரியிடம் ஒன்றைக்கூட இழக்கவில்லை, ஏனென்றால் அதைச் சண்டைக்கு அனுப்பும்படியான கடற்போரே வரவில்லை. ஆனாலும் வாங்கிய சுமார் முப்பதில் பாதிக்கு மேல் விபத்துகளில் போய்விட்டன. 2009இல் கோவா கடலில் விழுந்ததில் விமானி இறந்தார்.

'பறக்கும் சவப்பெட்டி' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அந்தரத்தில் நிற்கும்போது இறக்கை தாங்காது. முழு எடையும் ஒற்றை பெகாசஸ் எஞ்சின் தலையில். நம் ஊர் வெயிலில் காற்று சூடானால் எஞ்சின் விசையும் குறையும். கப்பல் தளமோ ஆடிக்கொண்டே இருக்கும். அங்கே ஏதாவது பிசகினால் யோசிக்க நேரமே கிடையாது. பழி சொல்வதானால் அந்த வேலையைச் சொல்லுங்கள். சீ ஹாரியருக்கு அடுத்து வந்த மிக்-29கேவுக்கு இரண்டு எஞ்சின், செங்குத்தாக இறங்கும் வித்தையும் கிடையாது. அதுவும் 2019இல் ஒன்று, 2020இல் இரண்டு என்று விழுந்தது.

அருங்காட்சியகத்திலேயே இருக்கும் பழைய கடற்படைப் போர் விமானமான சீ ஹாக்கை யாரும் சீண்டவில்லை, செல்ஃபி எல்லாம் ஹாரியரோடுதான். 1971 போரில் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்திலிருந்து கிளம்பி அன்றைய கிழக்கு பாகிஸ்தானின் சிட்டகாங், காக்ஸ் பஜாரைத் தாக்கி, ஒன்றுகூட வீழ்த்தப்படாமல் திரும்பிய விமானம் அது. எனக்கென்னவோ அதன் பக்கத்தில்தான் கூட்டம் நிற்க வேண்டும்.

அப்புறம் பசி. கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். ரவை போட்டு முறுகலாகப் பொரித்த வஞ்சிரம், மீன் குழம்பு, சோறு, கோகம் புளியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த சோல்கடி. அடடா! டாக்ஸிக்குக் கொடுத்ததில் பாதிகூட ஆகவில்லை. திரும்பி வர வாஸ்கோ பஸ்தான், சில்லறைக் காசு. போகும்போதும் அதிலேயே போங்கள். திங்கள்கிழமை மட்டும் வேண்டாம், அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.