அப்பாவின் மடிக்கணினிக்கு இயங்குதளம் தேடிய ஐந்து வாரம்

நவம்பர் 8, சனி

அப்பாவின் மடிக்கணினி 2014-ல் வாங்கியது. நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். இன்று காலை கடிகாரம் வைத்துப் பார்த்தேன். பொத்தானை அழுத்தியதிலிருந்து எழுதத் தயாராக 4 நிமிடம் 10 வினாடி ஆகிறது. அதில் ஓடுவது விண்டோஸ் 10. அதற்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. வீட்டு உபயோகிப்பாளர்களுக்கு இன்னும் ஓர் ஆண்டு நீட்டிப்பு உண்டு, அதாவது 2026 அக்டோபர் 13 வரை. விண்டோஸ் 11 போடலாம் என்றால், இன்டெல் பிராசஸரில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். இதில் அதற்கு வழியில்லை.

புதிதாக வாங்கித் தருகிறேன் என்றேன். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "இதோட கீபோர்டு எனக்குப் பழகிப்போச்சுப்பா" என்றார். அந்தக் காலத்தில் தட்டச்சுப் பயிலகத்தில் தமிழ் ஹையர் முடித்தவர் அவர். அவருடைய விரல்களுக்கு விசையின் அழுத்தம்கூட முக்கியம். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அவர் இதில் செய்வது மூன்றே வேலை. தெருவில் யாருக்காவது மனு, விண்ணப்பம் எழுதித் தருவார். இணையத்தில் செய்தி படிப்பார். அம்மாவுக்குப் பழைய பாட்டு போட்டுக் கொடுப்பார். இயங்குதளம் எதுவானாலும் முதல் வேலை ஒரு நாள்கூடத் தடைபடக் கூடாது. இந்த முறை நான் வைத்துக்கொண்ட நிபந்தனை அது ஒன்றுதான்.

நவம்பர் 9, ஞாயிறு

மனைவியின் மடிக்கணினியில் ரூஃபஸ் என்ற மென்பொருள் கொண்டு இரண்டு பென்டிரைவ் தயார் செய்தேன். ஒன்றில் உபுண்டு 24.04, இன்னொன்றில் லினக்ஸ் மின்ட் 22.2 சினமன். இரண்டுமே விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் வகைகள். எதையும் நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்க முடிவது லினக்ஸில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். நான் லினக்ஸை முதலில் பார்த்ததே அத்தை மகனுக்குக் கிடைத்த அரசு இலவச மடிக்கணினியில்தான். அதில் விண்டோஸோடு மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது.

எனக்கென்றால் உபுண்டுதான். அந்த இடப்பக்கப் பட்டையும், எல்லாவற்றையும் விசைப்பலகையிலேயே முடிக்கிற வசதியும் எனக்கு வேலைக்கு ஏற்றவை. அப்பாவை உட்கார வைத்துவிட்டுப் பக்கத்தில் பேசாமல் நின்றேன். ஒரு கடிதத்தைத் திறந்தார். கால்குலேட்டர் எடுக்க மெனுவை அழுத்தினார். திரை முழுக்க ஐகான்கள் பரவின. "அடிச்சுக்கிட்டு இருந்த கடுதாசி எங்கப்பா போச்சு?" என்று பதறிவிட்டார். கடிதம் பின்னாலேயே பத்திரமாக இருந்தது. ஆனால் அவர் முகத்தில் அந்தப் பதற்றத்தைப் பார்த்ததுமே எனக்கு முடிவு தெரிந்துவிட்டது.

மின்ட்டைப் போட்டுக் கொடுத்தேன். கீழே பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் மணி. அவர் எதுவும் கேட்கவில்லை. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் செய்தி படித்துக்கொண்டிருந்தார். சரி, மின்ட்.

நவம்பர் 15, சனி

ஹார்டு டிஸ்குக்குப் பதிலாகப் போட, அதைவிட வேகமான 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றும், பழைய 4 ஜிபி டிடிஆர்3எல் ரேம் ஒன்றும் வாங்கி வந்தேன். விண்டோஸ் இருந்த ஹார்டு டிஸ்கை அழிக்கவில்லை. அப்படியே கழற்றி யுஎஸ்பி கேஸில் போட்டு வைத்துவிட்டேன். ஏதாவது சொதப்பினால் பத்து ஸ்க்ரூவில் பழைய நிலைக்குத் திரும்பலாம். விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் ஒரே டிஸ்கில் பக்கம் பக்கமாக வைக்கும் முறையை முன்பு என் மேசைக் கணினியில் செய்திருக்கிறேன். ஒவ்வொரு முறை மாறும்போதும் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் தள்ளி நிற்கும். கணினிக்குள் இருக்கும் கடிகாரத்தில் உள்ளூர் நேரம் இருப்பதாக விண்டோஸ் எடுத்துக்கொள்ளும், உலகப் பொது நேரம் இருப்பதாக லினக்ஸ் எடுத்துக்கொள்ளும். சரிசெய்ய வழி உண்டு, ஆனால் அப்பாவின் கணினியில் அந்தத் தலைவலி வேண்டாம்.

நிறுவ இருபது நிமிடம்கூட ஆகவில்லை. வைஃபை மட்டும் வரவில்லை. அந்த சிப்புக்கான டிரைவரைத் தனியாக இறக்க வேண்டும், இறக்க இணையம் வேண்டும். செல்போனைக் கேபிளில் இணைத்து யுஎஸ்பி டெதரிங் போட்டு, அதன் இணையத்தைக் கணினிக்குக் கொடுத்தேன். டிரைவர் மேனேஜரைத் திறந்ததும் அதுவே கண்டுபிடித்துக் காட்டியது. ஒரு ரீஸ்டார்ட், வைஃபை வந்துவிட்டது.

இப்போது தயாராக 24 வினாடி. இதில் பெரும்பங்கு எஸ்எஸ்டியுடையது, லினக்ஸுடையது அல்ல. அதே எஸ்எஸ்டியில் விண்டோஸ் 10 போட்டிருந்தாலும் நல்ல வேகம் வந்திருக்கும். பழைய கணினி வைத்திருப்பவர்கள் எந்த இயங்குதளம் என்று யோசிக்கும் முன் முதலில் எஸ்எஸ்டி மாற்றுங்கள் என்றுதான் சொல்வேன்.

நவம்பர் 16, ஞாயிறு

இன்றுதான் உண்மையான சோதனை. அப்பாவின் கடிதங்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில் இருப்பவை. அது எல்லாக் கணினியும் புரிந்துகொள்ளும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோட் அல்ல. கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள், அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுப்பது எழுத்துரு. தட்டச்சுப் பொறியின் அமைப்பை ஒட்டியது என்பதால் அப்பாவின் விரலுக்கு அப்படியே பொருந்தியது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கிலக் குப்பை. பழைய டிஸ்கிலிருந்து எழுத்துருவை எடுத்து, இரட்டைச் சொடுக்கில் நிறுவினேன். மின்ட்டோடு வரும் ஆபிஸ் மென்பொருளான லிப்ரேஆபிஸில் எல்லாக் கடிதமும் தமிழாக வந்து நின்றன. வரி உடைவது மட்டும் ஒன்றிரண்டில் மாறியிருந்தது.

அப்பா புதிதாக ஒரு விண்ணப்பம் ஆரம்பித்தார். இரண்டு நிமிடத்தில் கூப்பிட்டார். "பெயர்னு அடிச்சா பேயர்னு வருதேப்பா. அய்யாவும் ஆய்யாவா ஆயிடுது."

திரையைப் பார்த்தேன், அவர் சொன்னபடியேதான் இருந்தது. அவரை மறுபடி அடிக்கச் சொல்லி விசைகளைக் கவனித்தேன். அவர் அடிப்பது சரி. ஒவ்வொரு வரியின் முதல் எழுத்துதான் மாறுகிறது, அதுவும் அடித்த பிறகு மாறுகிறது. கொஞ்ச நேரம் புரியாமல் இருந்து, அப்புறம் பிடிபட்டது. ஆங்கிலத்தில் வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கும் ஆட்டோகரெக்ட் இயங்கிக்கொண்டிருந்தது. பாமினியில் சின்ன எம் என்றால் 'அ', பெரிய எம் என்றால் 'ஆ'. சின்ன என் (n) ஒற்றைக்கொம்பு, பெரிய என் (N) இரட்டைக்கொம்பு. அதனால்தான் பெயர் பேயர் ஆனது. ஆங்கிலம் எழுதுபவர்களுக்கு அது உதவிதான். இங்கே ஆங்கிலமே இல்லை என்று அதற்குத் தெரிய வழியில்லை. பழைய கணினியில் யாரோ எப்போதோ இதை அணைத்து வைத்திருக்க வேண்டும். டூல்ஸ் மெனுவில் ஆட்டோகரெக்ட் போய், பெரிய எழுத்து தொடர்பான இரண்டு டிக்குகளையும், மேற்கோள் குறியை வளைக்கும் டிக்குகளையும் எடுத்தேன். பெயர் மறுபடி பெயர் ஆனது.

நவம்பர் 22, சனி

எட்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்காகவும் எனக்காகவும் தமிழில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸும் எம்17என் தொகுப்பும் நிறுவி, யூனிகோடில் எழுதத் தமிழ்99 சேர்த்தேன். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த விசைப்பலகை இது. ஆங்கிலத்தில் ஒலி பார்த்து அடிப்பதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் உறுதியான கருத்து. 'அம்மா' என்று எழுத ஏ, கே, கே, க்யூ என்று நான்கே விசை. இரண்டு 'ம' அடுத்தடுத்து வந்தால் முதல் 'ம'வுக்குப் புள்ளி தானாக விழுந்துவிடும். மகள் அரை மணி நேரத்தில் தன் பெயர், பள்ளியின் பெயர், தோழிகள் பெயர் எல்லாம் எழுதிவிட்டாள்.

மனைவி கணக்கு வேலை பார்ப்பவள். ஜிஎஸ்டி தாக்கலுக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருக வேண்டும். அது அவளுடைய விண்டோஸ் 11-ல் ஒழுங்காக ஓடுகிறது. "என்னுதுல கை வெச்சிடாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். வைக்கவும் மாட்டேன். மாதா மாதம் தேதி பார்த்து முடிக்க வேண்டிய வேலை அது.

நவம்பர் 30, ஞாயிறு

பிரிண்டர் வரவில்லை. வீட்டில் இருப்பது பழைய லேசர் பிரிண்டர். இரண்டு மாலை செலவழித்தும் ஒரு தாள்கூட வெளியே வரவில்லை. இப்போதைக்கு அப்பா கடிதத்தைப் பிடிஎஃப் ஆக்கி எனக்கு அனுப்புகிறார், நான் மனைவியின் கணினியிலிருந்து எடுத்துத் தருகிறேன். பிடிஎஃபுக்குள்ளேயே எழுத்துருவும் சேர்ந்து வருவதால் பாமினி இல்லாத கணினியிலும் தமிழ் குலையவில்லை. என்றாலும் அவர் என்னை எதிர்பார்க்க வேண்டியிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. லினக்ஸில் ஓடும் பிரிண்டர் ஒன்று வாங்கப் பணம் எடுத்து வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

போன வாரம் அப்பாவுக்குப் பல ஆண்டுகளுக்கு முன் குடிநீர்க் குழாய்க்காக எழுதிய மனு ஒன்று தேவைப்பட்டது. 'குடிநீர்' என்று தேடச் சொன்னார். பாமினிக் கோப்புகளுக்குள் அந்தச் சொல் தமிழாக இல்லையே, எப்படிக் கிடைக்கும்? ஒவ்வொன்றாகத் திறந்து ஒரு மணி நேரத்துக்குப் பிறகு கண்டுபிடித்தோம். அதன் பிறகு அவரே கேட்டார், "எல்லாத்தையும் அந்தப் பாப்பா அடிக்கிற எழுத்துக்கு மாத்திட முடியுமா?"

முடியும். எழுத்துரு மாற்றும் மென்பொருள் மூலம் பாமினியை யூனிகோட் ஆக்கி, புதுக் கோப்பில் ஒட்டுகிறேன். ஆனால் இடையில் ஆங்கிலத்தில் இருக்கும் கதவு எண், ஊர்ப் பெயர் எல்லாம் தமிழ் எழுத்தாகி அர்த்தமில்லாமல் நிற்கின்றன. அவற்றைக் கையால்தான் திருத்த வேண்டும். மொத்தம் 312 கடிதம், இதுவரை 41 முடிந்தது. நான் மாற்றித் தருகிறேன், அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் பார்க்கிறார். நேற்று ஒரு கடிதத்தில் நிறுத்தி, இந்த ஒற்றுப் பிழை அப்போதே நான் விட்டது என்று சொல்லி, அதையும் திருத்தினார்.