தென்னையில கட்டுன ஆன்டெனாவும் மூங்கில்ல கட்டுன ஆன்டெனாவும்

போன மாசம் கடைசி ஞாயித்துக்கிழமை விடியக்காலைலயே ஏரிக்கரைக்கு போயிட்டோம். ஒம்போது பேரு, ரெண்டு மூங்கில், ஒரு பழைய கார் பேட்டரி, மீன்புடி வலைக்கயிறு ஒரு உருண்டை, அப்புறம் மாமா வீட்டுலேந்து வந்த ஒரு தூக்கு நிறைய இட்லி. பேராவூரணி பக்கம் எங்க ஊரு. இங்க ஹாம் ரேடியோன்னு சொன்னா இன்னமும் பாதி பேரு எஃப்எம் ஸ்டேஷன் நடத்துறீங்களா தம்பி, பாட்டு போடுவீங்களான்னுதான் கேக்குறாங்க, அதனால முதல்ல அத சொல்லிடுறேன். இது பாட்டு போடுற ரேடியோ இல்ல. கவர்மென்ட் பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, நமக்குன்னு ஒரு கால்சைன், அதாவது ரேடியோல நம்ம யாருன்னு சொல்ற அடையாளப் பேரு, வச்சுக்கிட்டு, டவரும் இல்லாம இன்டர்நெட்டும் இல்லாம நம்ம ரேடியோலேந்து இன்னொருத்தர் ரேடியோவுக்கு நேரா பேசுறது. 12 வயசு ஆயிருந்தா பரீட்சை எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட் கிரேடு பாஸ் பண்ணா வியு3ன்னு ஆரம்பிக்கிற கால்சைன் வரும், மோர்ஸும் (புள்ளியும் கோடுமா அனுப்புற தந்தி பாஷை) சேத்து ஜெனரல் கிரேடு பாஸ் பண்ணா வியு2.

எங்க கிளப்புக்கு கட்டடம் கிடையாது. மோட்டார் காயில் கட்டுற அண்ணன் கடைல ஒரு அலமாரி, அதுல எங்க சாமான் எல்லாம் இருக்கும், அவ்வளவுதான் கிளப். மாசக்கடைசி ஞாயிறு எங்கயாச்சும் வெளில போயி ஸ்டேஷன் போடுவோம், மத்த ஞாயிறுல அவங்கவங்க வீட்டுலேந்து காலைல 40 மீட்டர் பேண்டுல, அதாவது 7 மெகாஹெர்ட்ஸ்ல, கூடி பேசுவோம்.

இந்த கிளப்போட கதைய எழுதணும்னு உக்காந்தா எனக்கு ஆன்டெனா எதுல கட்டுனோங்கிறதுதான் முதல்ல ஞாபகத்துக்கு வருது.

ஆரம்பத்துல எல்லாம் தென்னைமரந்தான். இந்தப் பக்கம் எங்க திரும்புனாலும் தோப்பு, அப்ப மாஸ்ட்டுக்கு, அதான் ஆன்டெனாவ தூக்கி நிறுத்துற கம்பத்துக்கு, காசு செலவு பண்ண வேண்டிய அவசியமே வரல. 40 மீட்டருக்கு டைப்போல், அதாவது ரெண்டு பக்கமும் ஒயர நீட்டி கட்டுற ஆன்டெனா, கட்டணும்னா கணக்கு ரொம்ப சுலபம், 468-ஐ மெகாஹெர்ட்ஸால வகுத்தா அடி கணக்குல மொத்த நீளம் வந்துரும். 7.1-க்கு போட்டா 66 அடி, நடுவுல ரேடியோவுக்குப் போற கோஆக்ஸ் கேபிள், ரெண்டு பக்கமும் 33 அடி. வீட்டு வயரிங் ஒயர் போதும். மாமா தோப்புல சரியான இடைவெளில நிக்கிற ரெண்டு மரத்த பாத்து, காய் பறிக்க வர்ற அண்ணன்கிட்ட சொல்லி, அவரு ஏறும்போது கயித்தையும் இடுப்புல கட்டிக்கிட்டு ஏறி 45 அடி உயரத்துல கட்டிக் குடுத்தாரு. அந்த ஆன்டெனா நாலு வருஷம் அப்படியே நின்னுச்சு. ராத்திரில இந்தோனேஷியா, ஜப்பான், ஐரோப்பா எல்லாம் கேக்கும், நாங்களும் தூர தேசத்த புடிக்கிறதுதான் பெரிய விஷயம்னு நெனச்சுக்கிட்டு இருந்தோம்.

2018 நவம்பர் 15 ராத்திரி, விடிஞ்சா 16, கஜா புயல் வந்துச்சு. வேதாரண்யம் பக்கம் கரையேறி 100 கிலோமீட்டருக்கு மேல வீசுன காத்து எங்க பக்கமா உள்ள வந்துச்சு. அந்த சத்தத்த பத்தி எழுத எனக்கு இன்னமும் வரல. காலைல கதவ தொறந்தா வானம் தெரியுது, எப்பவும் தெரியாத அளவுக்கு தெரியுது, ஏன்னா மரம் இல்ல. மாமா தோப்புல 140 மரத்துல பதினொண்ணுதான் நின்னுச்சு, ஆன்டெனா கட்டுன ரெண்டும் வேரோட சாஞ்சு கெடந்துச்சு, வயரு அதுக்கு அடில எங்கயோ. மாமா ஒரு மரத்து மேல உக்காந்து மட்டைய தடவிக்கிட்டே இருந்தாரு, யாரும் ரேடியோவ பத்தி வாயே தொறக்கல.

கரண்டு இல்ல, போன் இல்ல, ரோட்டுல மரம். சென்னைலயும் திருப்பூர்லயும் இருக்கிற புள்ளைங்களுக்கு இங்க அப்பன் ஆத்தா உயிரோட இருக்காங்களான்னு கூட தெரியல. எங்க கைல இருந்த 5 வாட் ஹேண்டி, அதான் கைல புடிச்சு பேசுற சின்ன ரேடியோ, இந்த சமதரைல பத்து கிலோமீட்டர் தாண்டுனாலே பெருசு, அதுவும் ரெண்டாவது நாளே சார்ஜ் தீந்துருச்சு. முதல் ரெண்டு நாளு நாங்க ரேடியோவுல ஒண்ணுமே பண்ணல, இத மறைக்காம எழுதணும். மரம் வெட்டுறதும் ஓடு பொறுக்குறதும் தண்ணி தூக்குறதுமா போச்சு.

மூணாவது நாளு காயில்கட்டு அண்ணன்தான் ஆரம்பிச்சாரு. சாஞ்ச மரத்துக்கு அடிலேந்து வயர உருவுனா ஒரு பக்கம் 33 அடி முழுசா வந்துச்சு, இன்னொரு பக்கம் அறுந்துருந்துச்சு, ஒட்டுப்போட்டோம். கட்டுறதுக்கு உயரமா ஒண்ணுமே இல்ல. ஒரு முனைய டிராக்டர் டிரெய்லர்ல நட்டுக்குத்துன கம்புல, இன்னொரு முனைய மாட்டுக்கொட்டகை கூரைல, தரைலேந்து எட்டு அடி இருந்தா அதிகம். பேட்டரியும் டிராக்டர்லேந்துதான். இதுல எங்க வேல செய்யப்போவுதுன்னு நெனச்சுக்கிட்டே மத்தியானம் பதினோரு மணிக்கு கூப்பிட்டோம். மதுரை பக்கத்துலேந்து ஒருத்தர் உடனே பதில் சொன்னாரு, நல்லா கேக்குது சொல்லுங்கன்னாரு. அடுத்த பத்து நிமிஷத்துல சென்னை, கோயமுத்தூர், பெங்களூர்னு வரிசையா வந்துட்டாங்க. கொட்டகைக்குள்ள கன்னுக்குட்டி கத்துறது அவங்களுக்கும் கேட்டுருக்கும். அண்ணன் மைக்க புடிச்ச கை நடுங்குனத பாத்தேன்.

அது ஏன் வேல செஞ்சுச்சுன்னு அப்புறந்தான் உக்காந்து படிச்சோம். தரைக்கு ரொம்ப பக்கத்துல இருக்கிற டைப்போல் அலைய பக்கவாட்டுல அனுப்பாது, கிட்டத்தட்ட நேரா மேல அனுப்பும். பகல்ல 7 மெகாஹெர்ட்ஸ் அலை ரொம்ப உசரத்துல இருக்கிற அயனோஸ்பியர்ங்கிற காத்து மண்டலத்துல பட்டு அப்படியே கீழ திரும்பி, சுத்துவட்டாரத்துல 300, 400 கிலோமீட்டருக்குள்ள மழை மாதிரி இறங்கும். மண்ணுக்குள்ள கொஞ்சம் சக்தி போயிரும்தான், ஆனா நமக்கு வேண்டிய ஊரு எல்லாம் அந்த வட்டத்துக்குள்ளதான் இருக்கு. ராத்திரி ஏற ஏற பக்கத்து ஊரு மங்கிடும், தூர தேசம் வர ஆரம்பிக்கும், அதனால அவசர சேதிய பகல்லயே தள்ளிடணும். புயல் அடிச்ச ஊருக்கு ஜப்பான் வேணாம், திருச்சியும் சென்னையும் வேணும், அதுக்கு 45 அடி தென்னமரம் தேவையே இல்ல. இத நாங்க புஸ்தகத்துல படிச்சு தெரிஞ்சுக்கல, எங்க மரம் எல்லாம் போனதுக்கப்புறந்தான் தெரிஞ்சுக்கிட்டோம்.

சாதாரண நாள்ல அடுத்தவங்க சேதிய ஹாம் ரேடியோல அனுப்பக்கூடாது, பேரிடர் நேரத்துல விதில அதுக்கு எடம் உண்டு. அந்த வாரம் அனுப்புனது பெரும்பாலும் ஒரே மாதிரி சேதிதான், வீடு போச்சு, ஆளுக்கு ஒண்ணுமில்ல, பணம் அனுப்பாத இங்க ஏடிஎம் இல்ல, அரிசி இருக்கு. அந்தப் பக்கம் இருந்தவங்க அவங்க போன்லேந்து அந்தந்த புள்ளைங்களுக்கு கூப்பிட்டு சொன்னாங்க. ஒரு பாட்டி எங்க பேரனுக்கு சொல்லுன்னு வந்து நின்னு நம்பர் தெரியாது, கம்பெனி பேரும் தெரியாது, திருப்பூர்ல இருக்கான் செவப்பா இருப்பான்னு சொன்னுச்சு. அத எங்களால சேக்க முடியல. அந்த பாட்டி முகம் எனக்கு இப்பவும் கண்ணுக்குள்ளயே நிக்குது.

இன்னொரு தப்பும் நடந்துச்சு, அது முழுக்க எங்க தப்பு. சக்கரை ஊசி மருந்து ஒருத்தருக்கு ஆலங்குடிக்கு வேணும்னு சேதி. நாங்க சொன்னது புதுக்கோட்டை ஆலங்குடி. அந்தப் பக்கம் எழுதிக்கிட்டது குரு கோயில் இருக்கிற திருவாரூர் மாவட்டத்து ஆலங்குடி. நாங்க மாவட்டம் சொல்லல, அவரும் கேக்கல. அரை நாளு போச்சு. மருந்து அப்புறம் வேற வழில கெடச்சுது, ஆனா அந்த அரை நாளு போனது போனதுதானே.

அதுலேந்துதான் எங்க மாசக்கடைசி ஞாயிறு இப்ப இருக்கிற மாதிரி மாறுச்சு. முன்னாடி எவ்வளவு தூரம் புடிச்சோம்னு நோட்டுல எழுதிக்குவோம், இப்ப எவ்வளவு சீக்கிரம் ஸ்டேஷன் போட்டோம், எத்தன சேதி பிசகில்லாம போச்சுன்னு எழுதுறோம். எங்க கிளப்புல ஒரு ஐயா இருக்காரு, தந்தி ஆபீஸ்ல வேல பாத்து ரிட்டயர் ஆனவரு, நாங்க தந்தி ஐயான்னுதான் கூப்பிடுவோம். 2013 ஜூலைல தந்தி சர்வீஸ நிப்பாட்டுனப்ப ரொம்ப ஒடஞ்சு போயிருந்த மனுஷன். அவருக்கு மோர்ஸ் அத்துப்படி, ஆனா அவரு கத்துக்கிட்டது தந்தி ஆபீஸ் சவுண்டர்ங்கிற மெஷின்ல டக் டக்குன்னு வர்ற சத்தம், ரேடியோல வர்றது பீப்பு சத்தம், ரெண்டுக்கும் காது வேற. ராத்திரி ராத்திரி உக்காந்து காத மாத்திக்கிட்டாரு.

அவருதான் சொன்னாரு, தந்தில சேதியோட மொத்தம் எத்தன வார்த்தைன்னு நம்பரும் சேந்தே போவும், வாங்குறவன் எண்ணிப் பாப்பான், ஒண்ணு கொறஞ்சா உடனே திருப்பிக் கேப்பான்னு. இப்ப நாங்களும் அப்படித்தான். சேதி நம்பர், நேரம், மாவட்டம் முதல்ல அப்புறம் தாலுகா அப்புறம் ஊரு, யாருக்கு, போன் நம்பர், சேதி, வார்த்தை எண்ணிக்கை. வாங்குனவங்க முழுசா திருப்பி வாசிக்கணும், வாசிக்காம ரோஜர், அதாவது கெடச்சுருச்சுன்னு மட்டும் சொல்லிட்டு போனா அந்த சேதி போனதா கணக்கு இல்ல. புதுசா சேந்த எட்டாவது படிக்கிற பொண்ணு ஒண்ணு, காயில்கட்டு அண்ணன் மவ, அவதான் இதுல ரொம்ப கண்டிப்பு. போன மாசம் அவங்க அப்பாவே மாவட்டம் சொல்லாம ஆரம்பிச்சாரு, அப்பா முதல்லேந்து சொல்லுங்கன்னுட்டா.

மூங்கில் வந்த கதை தனி. தோப்பு போனதுக்கப்புறம் சந்தைல மூங்கில் வாங்கி, அடிமூங்கில் பதினெட்டு அடி, மேல மூங்கில் பதினஞ்சு அடி, நடுவுல மூணு அடி ஒண்ணோட ஒண்ண சேத்து கட்டுனா 30 அடிக்கு ஒரே ஒரு மாஸ்ட். டைப்போலோட நடுப்பகுதி அதோட உச்சில, ரெண்டு கையும் கூடாரம் மாதிரி சரிஞ்சு ரெண்டு பக்கமும் கயித்துல முளைக்குச்சிக்கு வரும். நாலு பக்கமும் இழுவை கயிறு, அதுக்கு மல்லிப்பட்டினத்துலேந்து வாங்குன வலைக்கயிறுதான் சரி, மழைல நனைஞ்சாலும் தொய்யாது. முத தடவ கட்டுனப்ப எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா ரேடியோவோட எவ்வளவு ஒத்துப்போவுதுன்னு காட்டுற அளவு, 1-க்கு பக்கத்துல இருந்தா நல்லது) 2-க்கு மேல காட்டுச்சு. கை ரெண்டும் சரிஞ்சு இருந்தா ஒயரு கொஞ்சம் நீளமா இருக்கிற மாதிரி நடந்துக்கும்னு தந்தி ஐயா சொல்லி, ரெண்டு பக்கமும் அரை அடி மடிச்சுக் கட்டுனோம், வெட்டல, மடிச்சோம், 1.3-க்கு வந்துச்சு. இப்ப மூணு பேரு இருந்தா பன்னெண்டு நிமிஷத்துல நிமித்திடுவோம். பேட்டரிக்கும் கணக்கு உண்டு, 100 வாட்ல பேசுனா ரிக், அதான் பெரிய ரேடியோ செட், 20 ஆம்பியர் இழுக்கும், கார் பேட்டரி சாயங்காலம் வரைக்கும் தாங்காது, அதனால 25 வாட்தான். நாங்க பேசவேண்டிய வட்டத்துக்கு அது தாராளம்.

ஸ்கூலுக்கும் போறோம். விண்வெளி நிலையத்துலேந்து சில நாளு 145.800 மெகாஹெர்ட்ஸ்ல படம் அனுப்புவாங்க, சத்தமா வரும், அத போன்ல இருக்கிற ஒரு ஆப் படமா மாத்தும். ஆசாரிங்க வச்சுருக்கிற இரும்பு டேப்ப வெட்டி பிவிசி பைப்புல மாட்டி ஒரு யாகி ஆன்டெனா, அதாவது வேணுங்கிற பக்கமா திருப்பிப் புடிக்கிற ஆன்டெனா, பண்ணிருக்கோம், அத ஒரு பையன் வானத்த பாத்து புடிச்சுக்கிட்டு மெதுவா திரும்புவான், இன்னொரு புள்ள ஹேண்டி ஸ்பீக்கர்கிட்ட போன வச்சுக்கிட்டு மூச்சு விடாம நிக்கும். ஒரு படம் முழுசா வர ரெண்டு நிமிஷம் ஆவும், நிலையம் தலைக்கு மேல கடந்து போறதே பத்து நிமிஷந்தான். கோடு கோடா மேலேந்து கீழ இறங்கி வரும்போது அந்த புள்ளைங்க முகத்த பாக்கணும். போன தடவ கடைசி கால்வாசி படம் வெறும் புள்ளியா போச்சு, அதையும் பிரிண்ட் எடுத்து கிளாஸ்ல ஒட்டிருக்காங்க.

அப்பல்லாம் தந்தி ஐயா ஒரு கதை சொல்லுவாரு. 2004 டிசம்பர்ல டெல்லிலேந்து பாரதி பிரசாத்னு ஒரு அம்மா அந்தமான் போயி போர்ட் பிளேர்ல ஸ்டேஷன் போட்டுருந்தாங்க, உலகம் பூரா ஹாம்ஸ் அந்தமான பேசிப் புடிக்கணும்னு வரிசைல நின்ன நேரம். 26-ஆம் தேதி சுனாமி வந்ததும் அந்த ஸ்டேஷன அப்படியே சேதி அனுப்புற ஸ்டேஷனா மாத்திட்டாங்க. கைல ஸ்டேஷன் ரெடியா இருந்துச்சு, ஓட்டத் தெரிஞ்ச ஆளும் இருந்தாங்க, அதான் ஐயா சொல்ல வர்றது. இந்தக் கதைய சொல்லிட்டு புள்ளைங்கள பாத்து எத்தன பேரு பரீட்சை எழுதுறீங்கன்னு கேப்பாரு. இந்த வருஷம் நாலு பேரு கைதூக்குனாங்க, சனிக்கிழமை சாயங்காலம் கடைல கிளாஸ் நடக்குது, ஓம்ஸ் விதிலேந்து ஆரம்பிச்சுருக்கோம்.

மாமா கஜாவுக்கு அடுத்த வருஷமே கன்னு நட்டாரு, அதே குழி வரிசைல. இப்ப காய்க்குது. போன மாசம் ஏரிக்கரைலேந்து திரும்பி வரும்போது தோப்புல நிறுத்தி, அந்த பழைய ரெண்டு மரம் நின்ன எடத்துல இருக்கிற ரெண்டையும் டேப் வச்சு அளந்தோம். ஒண்ணு தண்டு ஒம்போது அடி, இன்னொண்ணு எட்டே கால். எட்டு அடி போதுமேன்னு அண்ணன் மவ சொன்னா, கொட்டகை ஆன்டெனா எட்டு அடிதானேன்னு. மாமா சிரிச்சுட்டு, கட்டிக்க, ஆனா கயித்த இறுக்காத, பட்டை இளசுன்னாரு. அதனால இந்த மாசம் ஏரிக்கரை இல்ல, மாமா தோப்பு. காலைல ஆறரை மணி, கிழக்குப் பக்கம் வேலில குளவிக்கூடு இருக்கு, மேற்கு வாசலா வாங்க.